ஆயில் குறையவில்லை; பிரேக் பிடிக்கவில்லை!

நம் சங்கத்து நண்பர்களுக்கு அந்தச் சாம்பல் நிறக் காரைத் தெரியாமல் இராது. ஆண்டுதோறும் பொங்கல் விழாவுக்குக் கரும்புக் கட்டையும் மண்பானைகளையும் சந்தையிலிருந்து சுமந்து வருவது அதுதான். தோகை சன்னலுக்கு வெளியே ஆட, உள்ளே நான்கு பேர் மடியில் பானையுடன் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, கொல்கத்தாத் தெருக்களில் அது ஊர்ந்து வரும் காட்சியைக் கண்டு சிரிக்காதார் இல்லை. இந்த ஆண்டு மட்டும் கரும்பு வாடகை வேனில் வந்தது. 'கார் எங்கே?' என்று பலர் கேட்டீர்கள். அந்தக் கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். விடையில் என் பிழையும் ஒன்று உண்டு. அதை மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை.

அது 1957ஆம் ஆண்டின் மாரிஸ் மைனர் கார். இங்கிலாந்தில் அலெக் இஸிகோனிஸ் என்ற பொறியாளர் வடிவமைத்து, 1948இல் வெளிவந்து, 1971 வரை உற்பத்தியான வண்டி. நம் நாட்டுக்கும் அதற்கும் உறவு உண்டு. கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை, 1950களின் தொடக்கத்தில் இதே மைனரைப் 'பேபி இந்துஸ்தான்' என்ற பெயரில் வெளியிட்டது. 2014 வரை அங்கே உருவான அம்பாசிடரும் இதன் அண்ணனாகிய மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்ததே.

காரின் சொந்தக்காரர் நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவரை 'ஜேட்டு' என்றே நாங்கள் அழைப்போம். வங்காளத்தில் அது பெரியப்பா முறை. அவருடைய தந்தையார் வாங்கிய வண்டியாதலால், அதை விற்க அவருக்கு மனமில்லை. நானோ சங்ககிரியில் லாரி ஓட்டுபவரின் மகன். ஸ்பானரைக் கண்டால் கை சும்மா இராது. வேதியியலில் முதுகலை படிக்க வந்த இடத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் காருக்கு வைத்தியனாகவும் ஆனேன்.

நடந்தது

சென்ற நவம்பரில், 'பிரேக் ஆயில் கறுத்துவிட்டது, மாற்றிவிடலாம்' என்று நானே முன்வந்தேன். இயற்பியல் முதலாண்டில் படிக்கும் தென்காசித் தம்பி ஒருவர் துணைக்கு வந்தார். அவர் இருக்கையில் அமர்ந்து மிதியை அடிவரை அமுக்க, நான் சக்கரங்களின் பின்னே படுத்துப் பழைய ஆயிலை வெளியேற்றினேன். நாற்பது ஐம்பது முறை அமுக்கியிருப்பார். புது ஆயில் தேன் போல் தெளிவாக நின்றது. வேலை முடிந்த பெருமிதம் எனக்கு.

டிசம்பர் இறுதியில் ஜேட்டு என்னை அழைத்தார். "மிதி சற்று ஆழமாகப் போகிறாற் போல் இருக்கிறது. பார்க்கிறாயா?" என்றார்.

நான் பார்த்தேன். ஆயில் மட்டம் இம்மியும் குறையவில்லை. நான்கு சக்கரங்களிலும் கசிவில்லை. இருக்கையில் ஏறி மிதியைப் பலங்கொண்ட மட்டும் ஓங்கி மிதித்தேன், கல்லாக நின்றது. "ஒன்றுமில்லை ஜேட்டு, நீங்கள் தாராளமாக ஓட்டலாம்" என்று உறுதி கூறினேன்.

சனவரி முதல் வாரத்தில் ஒருநாள் காலை டாகுரியா மேம்பாலத்தின் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தோம். ஜேட்டு ஓட்டினார், நான் பக்கத்தில். கீழே பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். அவர் அவசரமின்றி, வழக்கம் போல் மெதுவாகவே மிதியை அழுத்தினார். அழுத்திய கால் நிற்கவில்லை. மெல்ல மெல்ல இறங்கித் தரையைத் தொட்டுவிட்டது. வண்டியின் வேகம் குறையவில்லை.

அவர் காலை எடுத்து இரண்டு முறை வேகமாக மிதித்தார். கைப் பிரேக்கையும் இழுத்தார். கார் குலுங்கி நின்றது. கடைசியாக வந்த சிறுமிக்கும் எங்கள் முன்புறத் தகட்டுக்கும் இடையே ஒரு கை நீளம் இருந்திருக்கும். அந்தக் குழந்தை எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர்ப் புட்டியை ஆட்டிக்கொண்டே போய்விட்டது. ஜேட்டு என்னிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சுடுகிறது.

அன்று மாலை வீட்டுக்குத் தொலைபேசினேன்.

"மெதுவா அமுக்குனா எறங்குது, ரெண்டு வாட்டி அடிச்சா புடிக்குதுங்களா கண்ணு?" என்று கேட்டார் அப்பா.

"ஆமாங்கப்பா. ஆயிலும் கொறையலீங்க. எங்கயும் ஒழுகலீங்க."

"அப்ப மாஸ்டர் சிலிண்டருக்குள்ளாற கப்பு போயிருச்சு சாமி. வெளிய ஒழுகுனா கண்ணு பாக்கும். உள்ளாற ஒழுகுனா காலுதான் பாக்கோணும். கழட்டிப் பாக்காம வண்டிய எடுக்காதீங்க."

உருளையின் வேலை

அப்பா சொன்னதை விளங்கிக்கொள்ளப் பள்ளியில் படித்த பாஸ்கல் விதி ஒன்றே போதும். மூடிய பாத்திரத்திலுள்ள நீர்மத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம், குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவுகிறது என்பது அவ்விதி. பாஸ்கல் மறைந்தது 1662இல். இதைக் கூறும் அவருடைய நூல் அச்சேறியது 1663இல். அதை மோட்டார் வண்டியின் சக்கரத்திற்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட். 1921இல் டியூசன்பர்க் என்ற அமெரிக்கக் கார், நான்கு சக்கரங்களுக்கும் நீர்ம பிரேக்குடன் வெளிவந்தது. நம் ஊர்ப் பட்டறைகளில் 'ஆயில் பிரேக்' என்று சொல்வது இதைத்தான்.

நம் கால் மிதியைத் தள்ளுகிறது. மிதி ஒரு நெம்புகோல். அது ஒரு தண்டைத் தள்ள, தண்டு மாஸ்டர் சிலிண்டர் என்னும் தலைமை உருளைக்குள்ளிருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் ஆயிலை அழுத்துகிறது. அவ்வழுத்தம் குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களிலும் உள்ள சிறு உருளைகளுக்குச் சென்று, பிரேக் ஷூக்களை டிரம்மின் உட்சுவரோடு அழுத்துகிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். கால் 30 கிலோ பளுவுடன் அழுத்துகிறது என்றும், மிதி அதை 5 மடங்காக்குகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டனின் மேல் விழுவது 150 கிலோ. மைனரின் தலைமை உருளையின் உள்விட்டம் 7/8 அங்குலம். அதாவது சுமார் 22 மில்லிமீட்டர். அதன் பரப்பு ஏறத்தாழ 3.9 சதுர சென்டிமீட்டர். எனவே ஆயிலில் எழும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 38 கிலோ. அதே அளவுள்ள ஒவ்வொரு சக்கரப் பிஸ்டனுக்கும் தனித்தனியே 150 கிலோ விசை கிடைக்கிறது! ஒரு முதியவரின் கால் ஒரு காரை நிறுத்தும் வியப்பு இவ்வளவுதான்.

இவ்வளவு அழுத்தத்தையும் தாங்கி நிற்பது பிஸ்டனுக்கு முன்னால் உள்ள சின்னஞ்சிறு ரப்பர்க் கிண்ணம். பட்டறையில் 'கப்' என்பார்கள். கிண்ணத்தின் வாய் ஆயிலை நோக்கி இருக்கும். அழுத்தம் ஏற ஏற, அதன் விளிம்பு விரிந்து உருளைச் சுவரை மேலும் இறுகப் பற்றும். பிஸ்டனின் பின்முனையில் இரண்டாவது ரப்பர் ஒன்று உண்டு. அது ஆயில் வெளியே வராமல் காப்பது.

இப்போது நான் செய்த தவறு விளங்கும். பின்முனை ரப்பர் கெட்டால் ஆயில் வெளியே ஒழுகும்; மட்டம் குறையும்; கண்ணுக்குத் தெரியும். முன்னுள்ள கிண்ணம் கெட்டாலோ, அழுத்தப்பட்ட ஆயில் அதன் விளிம்பைத் தாண்டி, வந்த வழியே தன் தொட்டிக்குத் திரும்பிவிடுகிறது. ஒரு சொட்டும் வெளியே போவதில்லை. ஆயில் மட்டத்தைப் பார்த்து பிரேக்கை எடை போட்டது, நோயாளியின் உடுப்பைப் பார்த்து நாடியைச் சொன்னது போலாயிற்று.

இன்னொன்று. ஓங்கி மிதித்தால் தேய்ந்த கிண்ணமும் சட்டென விரிந்து சுவரைப் பற்றிவிடும். மெதுவாக அழுத்தினால் அது விரிவதற்குப் போதிய அழுத்தம் எழாமல் ஆயில் நழுவும். நான் ஓங்கி மிதித்துச் சோதித்தேன்; ஜேட்டு மெதுவாக அழுத்தி ஓட்டினார். என் சோதனை என் வண்டியோட்டத்துக்குப் பொருந்தியிருக்கலாம், அவருடையதற்குப் பொருந்தவில்லை. ஆகவே, சரியான சோதனை இது: வண்டியை நிறுத்தி, மிதியை மெல்ல அழுத்தி, அதே அழுத்தத்தில் ஒரு நிமிடம் வைத்திருங்கள். கால் சிறிது சிறிதாக இறங்கினால், வெளியே கசிவு இல்லையென்றாலும் உருளைக்குள் கசிவு உண்டு.

அக்காலத்துக் கார்களில் தலைமை உருளை ஒன்றே, பாதையும் ஒன்றே. அது கைவிட்டால் நான்கு சக்கரங்களும் ஒருங்கே கைவிடும். எஞ்சுவது கைப் பிரேக் மட்டும். இக்காலக் கார்களில் ஒரே உருளைக்குள் இரண்டு பிஸ்டன்கள் இரண்டு தனிப் பாதைகளை ஆள்கின்றன. ஒன்று போனால் ஒன்று நிற்கும். அமெரிக்காவில் 1968 முதல் இவ்விரட்டைப் பாதை கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. பழைய வண்டிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் அதன் ஒற்றை உருளையிடம் நாம் அதிகக் கவனம் காட்டவேண்டியிருக்கிறது.

கழற்றிய விதம்

இம்முறை நான் தனியே துணியவில்லை. பீகாரிலிருந்து வந்து இந்நகரில் நெடுங்காலமாகப் பழைய வண்டிகளைப் பழுது பார்த்துவரும் முதிய மிஸ்திரி ஒருவரை அழைத்தோம். தென்காசித் தம்பியும் வந்தார்.

பெரும்பாலான கார்களில் தலைமை உருளை எஞ்சின் அறையில் கண்ணெதிரே இருக்கும். மைனரில் அப்படியன்று. ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே, சேசிஸ் சட்டத்தின் உள்ளே ஒளிந்திருக்கிறது. விரிப்பை நீக்கினால் ஒரு தகடு தெரியும். அதன் திருகாணிகளைக் கழற்றினால்தான் உருளையின் தலை தெரியும். பல ஆண்டுத் துருவேறிய திருகாணிகள் அவை. முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்தோம். அவசரப்பட்டுத் திருகியிருந்தால் தலைகள் உடைந்திருக்கும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்திப் பின்சக்கரங்களுக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்தோம். முன்புறத்தை ஜாக்கியால் தூக்கி, இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் இறக்கினோம். ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல் அடுக்கியோ வண்டியின் கீழே ஒருபோதும் படுக்காதீர்கள். செங்கல் எச்சரிக்காமல் நொறுங்கும்.

பிறகு மூடியைச் சுற்றியிருந்த மண்ணையும் தூசியையும் துடைத்தோம். மூடியைத் திறந்தபின் துடைத்தால் மண் உள்ளேதான் விழும். தொட்டியிலிருந்த ஆயிலை ஊசிக் குழலால் உறிஞ்சி எடுத்தோம். குழாயை வாயில் வைத்து உறிஞ்சும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இந்த ஆயில் நஞ்சு, அதைச் செய்யவே கூடாது. பெயிண்டின் மேல் பட்டால் பெயிண்டைத் தின்றுவிடும். அதனால் கதவோரம் முழுவதும் துணி விரித்துப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்துக்கொண்டோம். சிந்திய இடத்தில் உடனே தண்ணீர் ஊற்றினால் கழுவிப் போய்விடும்.

அடுத்து, உருளையின் முன்முனையில் சேரும் ஆயில் குழாயின் இணைப்பு. இதை உருளை சட்டத்தில் இறுகியிருக்கும்போதே தளர்த்திவிட வேண்டும். உருளையைக் கழற்றியபின் தளர்த்த முயன்றால், கையில் உருளை சுழலும், குழாய் முறுகும். இணைப்பைக் கழற்றியதும் குழாயின் வாயைச் சுத்தமான அடைப்பால் மூடினோம். இணைப்பில் இருந்த செம்பு வாஷர்களை மிஸ்திரி தூர எறிந்தார். ஒருமுறை நசுங்கிப் படிந்த செம்பு மறுமுறை அதே உறுதியுடன் படியாது; திரும்பப் பூட்டும்போது புதியவைதான் போடவேண்டும்.

பின்பு மிதியின் சுருள்வில்லை அவிழ்த்து, ஸ்பிளிட் பின்னை நீக்கி, மிதியையும் தள்ளு தண்டையும் இணைக்கும் ஆணியை உருவினோம். இனி உருளையைச் சட்டத்தோடு பிணைத்திருப்பவை இரண்டு நீண்ட போல்ட்டுகள் மட்டுமே.

இங்கேதான் மைனரின் புகழ்பெற்ற தொல்லை தொடங்குகிறது. நட்டுகள் எளிதாகக் கழன்றன. ஆனால் போல்ட்டை உருவப் பார்த்தால், வெளிப்புறத்தில் முன்சக்கரத்தைத் தாங்கும் முறுக்குக் கம்பி சட்டத்தை ஒட்டி ஓடுகிறது. பாதி தூரம் வந்த போல்ட்டின் தலை அக்கம்பியில் முட்டி நின்றுவிடும். டார்ஷன் பார் எனப்படும் அக்கம்பிதான் இவ்வண்டியின் முன்சக்கர வில். வண்டியின் பளு அதில் முறுக்காகத் தேங்கி நிற்கிறது. இரண்டே இரண்டு போல்ட்டுகளுக்காக அதன் முறுக்கைத் தளர்த்தி அதை ஒதுக்கவேண்டும்!

"இதைத் தொடாதே. இது என் வேலை" என்றார் மிஸ்திரி. சக்கரத்தின் கையைத் தாங்கிப் பிடித்து, முறுக்கைச் சிறுகச் சிறுக இறக்கி, கம்பியை ஒதுக்க அவருக்கு அரை நாள் ஆயிற்று. தேங்கிய முறுக்கு நழுவினால் கையெலும்பை முறித்துவிடும். பழகாதவர்கள் புத்தகத்தைப் பார்த்து இதில் இறங்க வேண்டாம் என்று நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கம்பி ஒதுங்கியதும் போல்ட்டுகள் வெளியே வந்தன. உருளையைத் தரைத் திறப்பின் வழியே மேலே தூக்கி எடுத்தோம். உள்ளங்கை இரண்டில் அடங்கும் ஒரு வார்ப்பிரும்புத் துண்டு! ஒரு காரும் அதில் ஏறியவர்களும் நம்பியிருந்தது இதைத்தான்.

உள்ளே கண்டது

செய்தித்தாளை விரித்து அதன்மேல் உருளையைப் பிரித்தோம். ரப்பர் உறையை நீக்கி, வாயிலிருந்த சர்க்கிளிப்பை எடுத்ததும் பிஸ்டன், கிண்ணம், சுருள்வில், கடைசியில் ஒரு சிறு வால்வு என ஒவ்வொன்றாக வந்தன. வந்த வரிசையிலேயே தாளில் அடுக்கினோம்.

மிஸ்திரி உருளையின் உட்புறத்தைச் சாராயத் துணியால் துடைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். பிஸ்டன் அன்றாடம் ஓடும் முதற்பகுதி கண்ணாடி போல் பளபளத்தது. அதற்கு அப்பால், உருளையின் கோடியில், அம்மைத் தழும்பு போலத் துருக்குழிகள்.

"மிதியை யாரோ அடிவரை அமுக்கியிருக்கிறார்கள்" என்றார் அவர்.

எனக்கு வியர்த்துவிட்டது. அவர் சொல்லாமலே மீதி விளங்கிற்று. சரியாகச் சரிசெய்யப்பட்ட பிரேக்கில் மிதி பாதி தூரம்தான் இறங்கும். பிஸ்டனும் உருளையின் முற்பகுதியில்தான் ஓடும். கோடிப் பகுதிக்கு அது ஆண்டுக்கணக்கில் போனதே இல்லை. அங்கே அமைதியாகத் துரு படிந்தது. நவம்பரில் நான் ஆயில் மாற்றியபோது தம்பி மிதியைத் தரைவரை நாற்பது ஐம்பது முறை அமுக்கினார். அமுக்கச் சொன்னவன் நான். ஒவ்வொரு முறையும் அந்த முதிய ரப்பர்க் கிண்ணம் துருக்குழிகளின் மேல் உரசிப் போய்வந்தது. கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதன் விளிம்பில் நகத்தால் கிள்ளியது போன்ற இரண்டு வெட்டுகள். பழுது பார்க்கப் புகுந்து பழுதை உண்டாக்கியவன் நானே!

அந்தத் துரு வந்த வழி என் பாடத்துக்குள் அடங்கியது. பிரேக் ஆயில் என்கிறோமே தவிர, அது எண்ணெய் அன்று. கிளைக்கால் ஈதர் வகைச் சேர்மங்களின் கலவை. அவை காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையவை. கொல்கத்தாவின் மழைக்காலக் காற்றில் ஈரத்துக்குக் குறைவேது! உறிஞ்சிய நீர் இரண்டு வகையில் கெடுக்கிறது. ஒன்று, உலோகத்தைத் துருவேற்றுகிறது. மற்றொன்று, கொதிநிலையைத் தாழ்த்துகிறது. டாட் 3 என்னும் தரத்து ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியசுக்குக் கீழே கொதிக்கக்கூடாது என்பது விதி. ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரியாகிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழ்கள் தோன்றும். நீர்மம் சுருங்காது, ஆவி சுருங்கும். அப்போதும் மிதி தரையைத் தொடும். ஆதலால் இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் ஆயிலை மாற்றுவது நல்லது. நான் மாற்ற நினைத்தது தவறன்று. மாற்றிய முறைதான் தவறு.

மீண்டும் பூட்டியது

குழி விழுந்த உருளைக்குப் புதுக் கிண்ணம் போட்டுப் பயனில்லை. மல்லிக் பஜாரில் பழைய வண்டிகளின் உதிரிகள் விற்கும் சந்துகளில் மூன்று நாள் அலைந்து, பயன்படுத்தாத உருளை ஒன்றை வாங்கினோம். உலோகம் மாசற்றிருந்தது. ஆனால் அதனுள் இருந்த ரப்பர் பெட்டியிலேயே கிழடாகி வெடித்திருந்தது. எனவே ரப்பர் வாஷர் கிட் தனியாக வாங்கி, புதுப் பிரேக் ஆயிலில் நனைத்தே பொருத்தினோம். மண்ணெண்ணெய், பெட்ரோல், எஞ்சின் ஆயில் இவற்றால் இந்த ரப்பரைக் கழுவக்கூடாது. ஊதிப் பெருத்துக் கெட்டுவிடும்.

போல்ட்டுகளைப் பூட்டும்போது மிஸ்திரி ஒரு காரியம் செய்தார். முன்பு வெளிப்புறத்திலிருந்து உள்ளே நுழைந்திருந்தவற்றை, இப்போது உட்புறத்திலிருந்து வெளியே நுழைத்தார். தலை உள்ளே, நட்டு வெளியே.

"அடுத்தமுறை கழற்றுபவன் முறுக்குக் கம்பியைத் தொடவேண்டாம், உட்பக்கமாகவே உருவிக்கொள்வான்" என்றார்.

"அடுத்தமுறையும் நீங்கள்தானே கழற்றுவீர்கள், மிஸ்திரிஜி?" என்றேன்.

அவர் சிரித்தார். "எனக்கு எழுபது வயது. இந்த உருளை இன்னும் இருபது வருடம் போகும்" என்றார்.

தள்ளு தண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே சிறிது இடைவெளி விட்டோம். இது மறக்கக்கூடாத ஒன்று. உருளைச் சுவரில் கிண்ணத்துக்குச் சற்று முன்னால் ஊசித் துளை ஒன்று உண்டு. கால் எடுத்த நிலையில் அது திறந்திருந்தால்தான், சூட்டில் விரியும் ஆயில் தொட்டிக்குத் திரும்ப முடியும். இடைவெளி இல்லாவிட்டால் பிஸ்டன் முழுதும் பின்வாங்காது. கிண்ணம் அத்துளையை மூடியே கிடக்கும். ஓட ஓடப் பிரேக் தானாக இறுகிவிடும்.

கடைசியாகக் காற்றெடுத்தல். ஆயில் பாதையில் புகுந்த காற்றை வெளியேற்றாவிட்டால் மிதி பஞ்சு போல் இருக்கும். உருளையிலிருந்து மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்க வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் இவ்வண்டியில் அது இடப்பக்கப் பின்சக்கரம். தம்பி இருக்கையில் ஏறுமுன், மிதியின் கீழே நான் ஒரு மரக்கட்டையை வைத்தேன். மிதி இனி அடிவரை போகாது. நவம்பரில் இல்லாமற்போனது அந்தக் கால் அடிக் கட்டைதான்.

"அமுக்கு!" என்பேன்; அவர் அமுக்கிப் பிடிப்பார். நான் நிப்பிளைத் தளர்த்துவேன்; கண்ணாடிப் புட்டிக்குள் மூழ்கியிருந்த குழாய் வழியே குமிழ்கள் வரும். நிப்பிளை மூடியபின்பே "விடு!" என்பேன். மூடுமுன் விட்டால் வெளியேறிய காற்று மறுபடி உள்ளே போய்விடும். இடையிடையே தொட்டியில் ஆயில் ஊற்றிக்கொண்டே இருந்தோம்.

"அண்ணே, இப்ப மிதி கல்லு மாதிரி நிக்கி" என்றார் தம்பி.

"கல்லு மாதிரி நிக்கிறது போன தடவையும் நின்னுச்சு தம்பி. மெதுவா அமுக்கி அப்படியே வச்சுக்கோங்க" என்றேன்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கால் ஓர் இழையும் இறங்கவில்லை.

பிறகு சந்துக்குள்ளேயே நடை வேகத்தில் பத்துப் பதினைந்து முறை ஓட்டி நிறுத்திப் பார்த்தோம். மறுநாள் மீண்டும் அடியில் படுத்து, ஒவ்வோர் இணைப்பையும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றி, ஈரம் இல்லை என்று கண்டபின்புதான் சாவியை ஜேட்டுவிடம் கொடுத்தேன். நவம்பரில் நான் செய்ததையும், டிசம்பரில் சோதிக்காமல் உறுதி கூறியதையும் அப்போது அவரிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "நீ சொல்லியிராவிட்டால் எனக்குத் தெரிந்திராது" என்றார். "அதனால்தான் ஜேட்டு" என்றேன்.

நண்பர்களே! நம்மில் பலர் ஊரில் பழைய ஜீப்போ, அம்பாசிடரோ, பியட்டோ வைத்திருப்போரின் பிள்ளைகள். அடுத்த விடுமுறைக்குப் போகும்போது ஒரே ஒரு நிமிடம் செலவிடுங்கள். நின்ற வண்டியில் அமர்ந்து, மிதியை மெல்ல அழுத்தி, அப்படியே வைத்துப் பாருங்கள். இறங்கினால், ஆயில் நிறைய இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நல்ல மிஸ்திரியைத் தேடுங்கள்.

அடுத்த பொங்கலுக்குக் கரும்பு அந்தச் சாம்பல் நிறக் காரிலேயே வரும். ஏறுவதற்கு முன் நான் மிதியை அழுத்தி ஒரு நிமிடம் உட்கார்ந்திருப்பேன். அதுவரை பானைகளைப் பிடித்துக்கொண்டு சற்றுப் பொறுத்திருங்கள்.